மேசைக்குக் கீழே எட்டு இடம்

மனிதனுக்கு மரியாதை கொடுப்பதில் கோப்பாய் இளைப்பாறிய உத்தியோகத்தர் மனமகிழ் மன்றத்தை மிஞ்ச இந்தப் பூலோகத்தில் இன்னொரு மன்றம் கிடையாது. பிரித்தானிய சாம்ராஜ்யம் இருந்திருந்தால் அதுவே சாட்சி சொல்லியிருக்கும். அது போகும்போது விட்டுச்சென்ற பில்லியட் மேசை அந்த மன்றத்தில்தான் இருந்தது.

அந்த மேசையை நம்பிச் சீவித்தவர் அருளம்பலம். கொழும்பில் ஹோட்டல் ஹோட்டலாகப் பணம் வைத்துப் பில்லியட் மேசையில் பந்தடித்து வென்று, அதையே உத்தியோகமாகக் கொண்டிருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது அவர் கையில் மிஞ்சியது பந்தடிக்கும் கோல் ஒன்றுதான். மன்றம் அவருக்குப் 'பயிற்றுநர்' என்று சம்பளமில்லாப் பதவி கொடுத்து வரவேற்றது. முதல் கிழமை அவர் எல்லாரையும் வென்றார். அந்தக் கிழமை முழுக்கப் பட்டினி. இரண்டாம் கிழமை தோற்றார். மன்றத் தலைவரும் கச்சேரி என்னும் அரசாங்க அதிபர் அலுவலகத்தின் முன்னாள் தலைமை எழுதுவினைஞருமான தியாகராசா பூரித்துப்போய் ஒரு கடகம் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார். அருளம்பலத்துக்குத் தொழில் பிடிபட்டது.

தோற்பதை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. கறுப்புப் பந்தைப் பையின் விளிம்பு மட்டும் கொண்டுபோய், விழாமல் நிற்பாட்டி, "அட சனியன்!" என்று தலையில் கைவைக்க வேண்டும். வென்றவருக்குத் துளியும் சந்தேகம் வரக்கூடாது. கண் மங்கியவரிடமும் கை நடுங்குபவரிடமும் தோற்பதற்கு என்ன பாடு பட வேண்டும் என்பது தோற்றவருக்குத்தான் தெரியும். எட்டு வருடம் ஒரு நாளும் பிசகாமல் தோற்று, அரிசி, வெங்காயம், முருங்கைக்காய் என்று அவர் மானத்தோடு வாழ்ந்தார்.

தொண்ணூற்றொன்றில் குண்டுவீச்சு விமானங்கள் நாள் தவறாமல் வரத் தொடங்கின. ஊரெல்லாம் பங்கர் வெட்டியது. மன்றத்துக் காணியோ வெறும் சுண்ணாம்புக்கல், மண்வெட்டி இறங்காது. ஆனால் பில்லியட் மேசையின் பச்சைத் துணிக்குக் கீழே இருந்தது இரண்டு அங்குலத் தடிப்புக் கற்பலகை. ஆபத்து வேளையில் அதற்குக் கீழே 'அமர்வது' என்று பொதுக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

இடம் எட்டு. யார் எந்த உத்தியோகத் தரத்தில் ஓய்வுபெற்று இளைப்பாறினாரோ அந்த ஒழுங்கில் உள்ளே போக வேண்டும். தலைவருக்கு நட்டநடு. செயலாளரும் முன்னாள் ஸ்ரேஷன் மாஸ்ரருமான கிறிஸ்துநாயகத்துக்குக் கரை. ஊரில் இருந்த உறுப்பினர்கள் ஏழு பேர். எட்டாவது இடம், இரண்டு வருடத்துக்கு முன் கனடாவுக்குப் போய்விட்ட முன்னாள் நில அளவையாளர் நமசிவாயத்துக்கு. பஸ்ஸில் சீற் பிடிப்பதுபோல் அந்த இடத்தில் ஒரு லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, விரித்து வைத்தார்கள்.

விமானம் வரும்போதெல்லாம் அருளம்பலம் பக்கத்து வாழைத்தோட்டத்து வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தார். அவருக்குச் சரியான பயம். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"ஐயா, அந்த லேஞ்சி கிடக்கிற இடத்திலை நான் இருக்கலாமோ?"

"நீர் எத்தினையாம் தரத்திலை இளைப்பாறினனீர்?" என்று கேட்டார் தியாகராசா.

"நான் இன்னும் இளைப்பாறேல்லை ஐயா. இப்பவும் வேலைதான் செய்யிறன்."

"வேலை செய்யிற ஆக்களுக்கு இங்கை இடமில்லை, ஐசே."

"அப்ப ஒரு ஆட்டம் வைப்பம். நான் வெண்டால் அந்த இடம் எனக்கு."

தியாகராசா வாய்விட்டுச் சிரித்தார். எட்டு வருடமாக வென்ற மனிதர் வேறென்ன செய்வார்?

அடுத்த நாள் பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. தலைவர் கோலின் நுனிக்குச் சோக்குப் பூசத் தொடங்கினார். பூசி முடிப்பதற்குள் அருளம்பலத்தின் பந்துகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போய்விட்டன. கடைசியாகக் கறுப்பும் போனது.

"அப்ப... இந்த எட்டு வருஷமும்?" என்று கேட்டார் தியாகராசா.

"அது என்ரை உத்தியோகம், ஐயா."

கிறிஸ்துநாயகம் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை விரித்தார். "வெற்றியை மன்றம் மெச்சுது. ஆனால் லேஞ்சியை அரக்கி எடுக்கிறதெண்டால் நமசிவாயத்தாரின்ரை எழுத்துமூலச் சம்மதம் வேணும். கனடாவுக்கு ஒரு கடிதம் போடுவம். கப்பல் ஓடினால் மூண்டு மாசத்திலை பதில் வரும்."

பதில் வரவில்லை, விமானம் வந்தது. எழுவரும் தர ஒழுங்கு தவறாமல் மேசைக்குக் கீழே போனார்கள். அருளம்பலம் கோலையும் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

குண்டு வாழைத்தோட்டத்தில் விழுந்தது. மன்றத்து ஓடுகள் பாதி கொட்டுண்டன. புழுதி அடங்கியதும் எழுவரும் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். வாய்க்காலைக் காணவில்லை. சரிந்த வாழைகளும் கிளறிய மண்ணும்தான் கிடந்தன. முற்றத்தில் கோல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

தியாகராசா உண்மையாகவே அழுதார். "தங்கமான மனிசன். இனி எங்களிட்டை ஆர் ஐசே தோக்கிறது?"

மேசைக்குக் கீழேயே அவசரக் கூட்டம் கூடியது. அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது. மறைந்த பயிற்றுநருக்கு மேசைக்குக் கீழே நிரந்தர இடம் ஒன்று ஒதுக்குவதென இரண்டாவது தீர்மானமும் நிறைவேறியது. எல்லாரும் நாலு விரல் ஒதுங்கினால் ஒன்பதாவது இடம் ஒன்று வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிறிஸ்துநாயகம் தம் சட்டைப் பையிலிருந்து புதுலேஞ்சி எடுத்து அங்கே விரித்தார்.

அந்த நேரம் சரிந்த மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியதுபோல் உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறாக ஓர் உருவம் உள்ளே தவழ்ந்து வந்தது. வானத்தில் மறுபடி இரைச்சல் கேட்டது. உருவம் புதுலேஞ்சியின் மேல் கைவைத்தது.

"பொறும், பொறும்! அது காலஞ்சென்ற அருளம்பலத்தின்ரை இடம்!" என்று தடுத்தார் செயலாளர்.

"நான்தானே ஐயா அருளம்பலம்!"

கிறிஸ்துநாயகம் உற்றுப் பார்த்தார். பிறகு புத்தகத்தையும் பார்த்தார். "ஓம், நீர்தான். ஆனால் தீர்மானம் நிறைவேறிப்போச்சு. மாத்திறதெண்டால் பதினாலு நாள் முன்னறிவித்தல் வேணும்."

தலைவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டார். இரைச்சல் கூரைக்கு மேலே நெருங்கியது.

"அப்ப நான் செத்துப்போட்டு வாறன், ஐயா," என்று முறையாக விடைபெற்றுக்கொண்டு அருளம்பலம் வெளியே ஓடினார்.

அன்றைய குண்டுவீச்சில் அந்த இரண்டு லேஞ்சிகளிலும் ஒரு தூசுகூடப் படவில்லை.