பலா மரத்தைத் தாண்ட வேண்டிய பந்து

கொல்லிமலையில் காற்றிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கையை ஓங்கிய மனிதர் ஒருவர்தான். வளப்பூர் நாடு என்கிற அந்த மலைப்பகுதியில் அவருக்குக் கோல்ப்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். மனைவி அதை வாயால் சொல்ல மாட்டார்.

காப்பிப் பழம் பறிக்க நான் அங்கே போயிருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். வேலை தீர்ந்த இடத்தில் பஸ் ஏறிவிடுவேன். அந்த முறை அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. குளிருக்கு மாட்டை ஒட்டிப் படுத்தால் போதும்.

கோல்ப்காரர் இளமையில் ஊட்டியில், கோல்ப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கியவர். யாரோ கழித்துப்போட்ட நீள மட்டை ஒன்றையும், புதரில் பொறுக்கிய பந்துகளையும் மலைக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்குக் கீழே தரிசாகக் கிடந்த புல்சரிவுதான் மைதானம். மேல்வரப்பில் நின்று அடிப்பார். கீழே எல்லையில் நிற்கும் பலா மரத்தைப் பந்து தாண்ட வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான். ஒருநாளும் தாண்டியதில்லை.

காரணம் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும். "பனி ஏறுன புல்லு சாமி. உழுந்த பந்து உருளாம அங்கியே குத்த வெச்சு ஒக்காந்துக்குது." மழைக்காலத்தில் சேறு. ஆடியில் எதிர்க்காற்று. "மலையில காத்து மெலிசு. கீழ அடிவாரத்துக் காரவள்ளியில அடிக்கறதவிட இங்க கொஞ்சம் கூடப் போவோணும். இந்த ஈரம் அதையும் புடிச்சு வெச்சுக்குது."

வேகத்துக்குத் தனிப் பயிற்சி. மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வெறுங்காற்றில் வீசுவார். 'விஷ்ஷ்' என்ற சத்தம், பந்து இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் கேட்க வேண்டுமாம்; முன்னாலேயே கேட்டால் வேகம் வீண். இதைப் பஸ் நிறுத்தத்திலும் செய்வார். ஒருமுறை அங்கே நின்ற அம்மாள் ஒருவர், பாம்பு சீறுகிறது என்று வந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டார். அவர் போக வேண்டிய ஊருக்கு எதிர்த்திசையில் போகிற பஸ் அது.

குளிர்ந்த பந்து தூரம் போகாது என்று, அடைகாத்த கோழிக்கு அடியில் ஒரு பந்தை வைத்தார். எடுக்கப் போனபோது கோழி கொடுக்கவில்லை. கையெல்லாம் கொத்து. அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "ஏனுங்க, பொரிச்சதுக்கப்புறம் எடுத்துக்கலாம் உடுங்க. குஞ்சு உங்க சாயல்லயே இருக்கும்!"

தை பிறக்கும் சமயத்தில் காரவள்ளியிலிருந்து கோல்ப்காரர் மனைவியின் தம்பி மலையேறி வந்தார். சரிவில் அவருக்கும் பங்கு உண்டு.

"மாமா, இனிமேலும் சும்மா போட்டு வெக்க முடியாது. மரவள்ளி நட்டுப்போடலாம்."

"பங்குனி வரைக்கும் பொறு மாப்ள. தரை காஞ்சு கெட்டியாச்சுன்னா பந்து தானா உருண்டு பலாவைத் தாண்டீரும்."

"போன பங்குனியில என்னாச்சு?"

"இடுப்புப் புடிப்பு."

"செரி, நாளைக்கு மத்தியானம் ஒரே பந்து. தாண்டுச்சுன்னா நான் இந்தப் பேச்சே எடுக்கல. தாண்டலைன்னா மரவள்ளி."

மறுநாள் விடிந்ததும் கோல்ப்காரரின் மனைவி, பலாவுக்குச் சற்று இப்புறம் இருந்த களத்தில் சாணம் மெழுகிக்கொண்டிருந்தார். சாமை அடிப்பதற்கு முன் களத்தை மெழுகிக் காயவிடுவார்கள். காயும்வரை யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். ஆனால் சாமை இன்னும் அறுக்காமல் காட்டில்தான் நின்றது. கேட்டேன்.

"அவருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. காஞ்ச களம் சிமெண்டு மாதிரி. அதுல உழுந்தா பந்து ஓடீருமில்ல?"

மத்தியானம் மூடுபனி அரைகுறையாக விலகியிருந்தது. கோல்ப்காரர் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். காத்திருந்தார். மச்சினன் கொட்டாவி விட்டார். காற்று எங்கள் முதுகுப் பக்கம் திரும்பியதும் மட்டை சுழன்று இறங்கியது. பந்து வெள்ளைக்குள் வெள்ளையாகப் போனது. பனிக்குள் புகுந்து, வெளியே வந்து, இறங்க மனமில்லாததுபோல் மிதந்தது. மேய்ந்த மாடு மெல்லுவதை நிறுத்தியது. காலையிலிருந்து சாப்பிடாதது எனக்கு மறந்துபோனது. அது அப்படியே போய்க்கொண்டிருந்தால் நானும் அதன் பின்னாலேயே போயிருப்பேன்.

களத்தின் நடுவில் விழுந்தது. 'சொத்.' நின்றுவிட்டது.

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கெட்டியா இருக்கட்டும்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா சாணி வழிச்சனுங்க. மேல காஞ்சுது, உள்ள ஈரம் போவலீங்களே!"

"அக்கா, நீயுமா?" என்றார் தம்பி.

அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காயாத களத்தில் கால் பதியப் பதிய நடந்தார். பந்தைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்துக் கணவர் கையில் வைத்தார்.

"இத்தன தூரம் ஒருநாளும் போனதில்ல," என்றார் கோல்ப்காரர். பந்தைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்காக மரவள்ளி இல்லைன்னு ஆயிராது மாமா," என்று தம்பி முனகினார்.

"நட்டுக்கலாம் மாப்ள."

என் வேலை முடிந்திருந்தது. மாலை பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தேன். பஸ் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது; நான் ஏறவில்லை. அந்தச் சரிவில் மரவள்ளிக்கு முதல் குழியை, அந்தப் பந்தைப் பார்க்காத யாரோ ஒரு கூலியாள் வந்து வெட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.