நாலாம் கட்டத்துக்காரி

மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் பற்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வார இதழில் நாலு கட்டச் சித்திரக்கதை போடுகிற ஓவியரை எல்லோரும் நாலுகட்டம் என்றே கூப்பிட்டார்கள். ஒரு புருஷன், ஒரு மனைவி, வாரம் ஒரு சண்டை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் பிழைப்பு. அவர் வேலை செய்கிற முறையே தனி. முதலில் மூன்று கட்டங்களைப் போட்டு முடிப்பார். மூன்றாவதில் புருஷன் ஏதாவது பெருமையடித்திருப்பான். அதைச் சமையலறை வாசலைப் பார்த்து உரக்கப் படித்துவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். உள்ளேயிருந்து அவள் ஒரு பதில் போடுவாள். அதுதான் நாலாம் கட்டம். அதில் அவராக ஓர் எழுத்துகூடச் சேர்த்ததில்லை.

மேசைக்கு எதிரே அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு வேலைக்காரி.

இரண்டு மாதம் முன்பு மூன்றாம் கட்டத்தில் புருஷன் வாய்க்கொழுப்பாக, "நீ இல்லேன்னாலும் இந்த வீடு ஓடும்" என்றான்.

"ஓட்டிப் பாருங்க" என்றவள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் ஊரே சிரித்தது. அடுத்த வாரம் நாலுகட்டம் சமையலறை வாசலைப் பார்த்துப் படித்தார். பதில் இல்லை. இன்னும் உரக்கப் படித்தார். குழாய் சொட்டியது.

இதழாசிரியர் போன் செய்தார். "நாலாங்கட்டம் காலியா இருக்கே?"

"அவ இல்ல சார். அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

"வரவழைங்க. வாசகர்கள் காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் அளவுக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாது.

வேறு வழியில்லாமல் அவரே ஒரு பதில் எழுதினார்: "வந்துட்டேங்க. தப்பு என் மேலதான்."

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். "யாருய்யா இது?"

"மனைவி சார்."

"இந்தம்மா தப்ப ஒத்துக்குதே. வேற யாரையோ போட்டு வச்சிருக்கீங்க."

கீழ்வீட்டில் போன மாதம்தான் ஒரு டெய்லரம்மா குடிவந்திருந்தாள். தனி ஆள். மெஷினை மிதித்தபடியே பேசுவாள். அறுந்த பொத்தானைச் சாக்காக வைத்துக்கொண்டு போனவர், மூன்றாம் கட்டத்தை மெல்லப் படித்தார்: "எனக்குக் கோபம் வந்தா நான் மனுஷனாவே இருக்க மாட்டேன்."

மெஷின் நிற்கவில்லை. "மத்த நேரத்துல மட்டும்?"

சட்டையை அங்கேயே விட்டுவிட்டு விழுந்தடித்துக்கொண்டு மாடியேறி எழுதினார்.

'அண்ணி திரும்பி வந்துட்டாங்க' என்று ஐம்பது கடிதம் வந்தது. நியாயமாக அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியைப் பார்க்கவே கூச்சமாயிருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

அதற்கப்புறம் வாரம் ஒரு பொத்தான் அறுந்தது. மூன்றாவது வாரம் கையும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மனைவியை வரைந்தால் கழுத்தில் அளவுநாடா தொங்கியது. அழித்தார். மறுபடி தொங்கியது. அப்படியே அச்சாகிவிட்டது.

டெய்லரம்மா இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"இது யாரு?"

"என் மனைவி."

"கழுத்துல?"

"அளவுநாடா."

"நல்லாருக்கு. அளவு குடுக்க வர்றவங்கெல்லாம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறாங்க. அந்தம்மா இதப் பாத்தா என்னப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அவ பாக்க மாட்டா."

"ஏன், அக்கா வீட்ல கண்ணக் கட்டியா வச்சிருக்காங்க? மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வர்றவ இல்லம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்ல குழாயத் தவிர ஒரு சத்தமில்ல."

டெய்லரம்மா சுவரைப் பார்த்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பேனாவ எடுங்க. மூணாங்கட்டத்துல எழுதுங்க. 'நீ இல்லாம ஓட்டிப் பாத்தேன். ஓடல. வந்துடு.'"

"புருஷன் இப்படியெல்லாம் பேச மாட்டான்."

"அதனாலதான் அவங்க போனாங்க."

எழுதினார். பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிப் படிக்க வாயெடுத்தார். படிக்காமலே பேனாவைக் கீழே வைத்தார். நாலாம் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தை வாங்கிப்போக இதழ் அலுவலகத்துப் பியூன் வந்தார். இருபத்திரண்டு வருடமாக வாரம் தவறாமல் அந்த வீட்டுப் படியேறுகிறவர்.

"நாலாங்கட்டம் காலியா இருக்கே?"

"இருக்கட்டும் பெரியவரே" என்றாள் டெய்லரம்மா. "அவரு மனைவி வந்து பதில் சொல்லட்டும்."

நாலுகட்டம் மைப்புட்டியின் மூடியை ரொம்ப அக்கறையாகத் திருகிக்கொண்டிருந்தார். பியூன் காகிதத்தை மடங்காமல் உறைக்குள் நுழைத்தார்.

"எந்த மனைவிம்மா? சாருக்குக் கல்யாணமே ஆகலியே."