வாசலில் பெரிசு, மேடையில் சின்னன்

ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கல்யாணத்தைக் கெடுக்கக்கூடியவர்கள் பலர். வீடியோக்காரர், மைக் பிடிப்பவர், மாப்பிள்ளையின் சித்தப்பா. ஆனால் வெறும் காற்றை ஊதியே கெடுக்கக்கூடியவர் பலூன் மாஸ்ரர் ஒருவர்தான்.

ஊரில் இரசாயனம் படிப்பித்தவராம். இங்கே அஜின்கோர்ட்டில் மண்டப அலங்காரம். தொழிலை மாற்றியவர் வாயை மாற்றவில்லை. ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்கு, கேக்குக்குப் பின்னால் நீர் மூலக்கூறு ஒன்றைத் தொங்கவிட்டார். பெரிய உருண்டையில் இரண்டு சின்ன உருண்டைகள். எல்லோரும் அதை எலி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். மனிதர் ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் திருத்தினார்.

வட்ட ஓட்டைகள் வெட்டிய பலகை ஒன்று வைத்திருப்பார். ஒவ்வொரு பலூனும் அதற்குள் அளவாகப் போய்வர வேண்டும். அரை விரல் பெரிதென்றாலும் காற்றைப் பிடுங்கிவிடுவார்.

இவரிடம் போய் என் ஒரே மகளின் கல்யாண அலங்காரத்தை ஒப்படைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! மனைவி காலமான பிறகு நான் தனியாக நடத்திய முதல் பெரிய காரியம். சம்பந்தி வீட்டார் யூனியன்வில்காரர், காசுக்காரர் குடியிருக்கும் இடம். அவர்கள் ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாது, அதுதான் என் கவலை. மாஸ்ரரிடம் ஒரே வசனம்தான் சொன்னேன்: "பொம்பிளைப் பக்கம் ரோஸ், மாப்பிள்ளைப் பக்கம் நீலம்."

மண்டப வாசலில் பூதம் போல ஒரு ரோஸ் பலூன். பக்கத்தில் அதில் பாதியளவில் நீலம். காரால் இறங்கிய மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் கறுத்தது.

"உது என்ன, எங்கடை பக்கம் சின்னனாக் கிடக்கு?"

மாஸ்ரர் ஓடிவந்தார். "அக்கா, ரோஸ் சோடியம் அணு. கடைசிச் சுற்றிலை ஒரேயொரு இலத்திரன், எலெக்ட்ரோன், நடுவிலை கிடக்கிற கரு அதைப் பெரிசா இழுக்காது. அதாலை அகண்டு கிடக்கு. நீலம் குளோரின். அதே சுற்றிலை ஏழு பேர், கருவின்ரை இழுவை கூட. அதாலை ஒடுங்கிப்போச்சு. மேடைக்கு வாங்கோ, மாறும்."

மாறித்தான் இருந்தது. மேடையில் நீலம் வீங்கி நின்றது. ரோஸ் அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட.

இப்போது என் தங்கை எரிந்து விழுந்தாள். "ஏன் மாஸ்ரர், பொம்பிளையைக் குடுத்தால் நாங்கள் சிறுத்துப் போவமோ?"

"ஓம் தங்கச்சி. சோடியம் குளோரினுக்குக் குடுத்தது ஒரு இலத்திரனைத்தான். ஆனால் அதோடை அந்தக் கடைசிச் சுற்றே இல்லாமல் போச்சு. மிஞ்சினவை கருவோடை ஒட்டிக்கொண்டு கிடப்பினம்."

"அப்ப எங்கடை பக்கம்?" சம்பந்தியம்மா தேன் வடியக் கேட்டார்.

"இழுக்கிற கரு அதேதான், ஆள் ஒண்டு கூடிப்போச்சு. ஆளையாள் தள்ளுப்படுவினம். அதாலை வீங்கும்."

"எங்கடை வீட்டிலை தள்ளுமுள்ளு வருமெண்டு சொல்லுறியளோ?" தேன் வற்றிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் இரண்டு குடும்பத்தையும் பகைத்த சாதனையாளரைத் தனியே இழுத்தேன். "ரெண்டையும் ஒரே அளவாக்குங்கோ மாஸ்ரர், என்ரை மானம் போகுது!"

"ஏலாது அண்ணை. பிறகு உது சோடியம் குளோரைட்டே இல்லை."

நான் ஊசி தேடிக்கொண்டிருந்தபோது மகள் மணக்கோலத்தில் மேடைக்கு வந்தாள். நேர்சிங் படித்தவள். பலூன்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். "மாமி, இது உப்பு! நானும் அவரும் சேர்ந்தால் உப்பு! சோ கியூட்! வாங்கோ, செல்ஃபி எடுப்பம்." மாமியாரைக் கையில் பிடித்து நீலத்தின் கீழே நிறுத்தினாள். அவரும் சிரித்துத் தொலைத்தார். என் மானம் தப்பியது. சிரிக்காதவர் மாஸ்ரர் மட்டும்தான். ரோஸில் காற்றுக் குறைகிறதாம், பலகையோடு நின்றார்.

அடுத்த ஞாயிறு, ஏதோ கம்பி ஒன்றை என்னிடம் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கம்பி ஒன்றும் இல்லை. மகள் இல்லாத என் வீட்டில் உட்கார்ந்து, மூன்று மணித்தியாலம் பொற்றாசியம் பற்றிப் பேசினார். நான் கேட்கவேயில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். இப்படியொரு அலட்டலை நான் என் சீவியத்தில் கண்டதில்லை.

போன ஞாயிறு பனி கொட்டியது. ஆள் வரவில்லை. வீடு தாங்க முடியாத அமைதியாக இருந்தது. நாலு தரம் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நானே போன் எடுத்தேன்.

"மாஸ்ரர், போன கிழமை கல்சியத்தைப் பாதியிலை விட்டிட்டுப் போட்டியள். அது ஏன் சிறுக்குது?"