மைக்செட்டும் என் மகனின் ஏப்பமும்

திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாகப் பெரியது எது என்று கேட்டால், கோபுரம் என்று பலர் சொல்வார்கள். அவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரனைக் கேளுங்கள், மைக்செட்டின் தொண்டை என்பான். மலையைப் பார்க்காமல்கூட இந்த ஊரில் ஒரு நாளை ஓட்டிவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் போதும். மைக்செட்டின் குரலைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்றால் செங்கம் பஸ் ஏறிவிடுவதுதான் வழி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் மைக்செட்டுதான். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா என்று எங்கே விசேஷம் நடந்தாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார். கட்டியதோடு விட மாட்டார், பேசவும் செய்வார். ஆள் நல்ல உயரம். வயிறு அவருக்கு முன்னாலேயே போய் அவர் வருவதை அறிவித்துவிடும்.

மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரே குரல்தான். மைக் என்பது கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள், அவ்வளவே. ஒரு கல்யாணத்தில் சமையல்காரரின் காதுக்குள், "சாம்பார் கம்மியா இருக்கு, வெளிய தெரியாம பாத்துக்க" என்று ரகசியம் சொன்னார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்டார்கள்.

தொழில் பழக்கத்தில் எதையும் இரண்டு முறை சொல்வார். விடிந்தும் விடியாமலும் எங்கள் சந்தில் முதலில் கேட்பது இதுதான்:

"பால்காரரே... பால்காரரே. அரை லிட்டரு... அரை லிட்டரு. தண்ணி கம்மியா... தண்ணி கம்மியா."

யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்ட மாட்டார். நிலைப்படியில் விரலால் 'டக் டக்' என்று சுண்டிவிட்டு, "ஹலோ... ஹலோ... ஒன்... டூ... த்ரீ..." என்பார். வீடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூட்டத்தில் தொலைந்தவர்களைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பு அவருடையது. அறிவிப்போடு திட்டும் இலவசம். "பச்சை கவுனு போட்ட பாப்பா இங்க இருக்குது. பாப்பாவ வுட்டுட்டுப் பொரிகடலை வாங்கப் போன அம்மா, பொரி நல்லா இருக்கா? துன்னுட்டு வந்து கூட்டிட்டுப் போ." ஒரு முறை தொலைந்தது பிள்ளை இல்லை, ஒரு பெரியவர். அதற்கும் அறிவிப்பு வந்தது: "வந்தவாசிலேர்ந்து வந்த அய்யா ஒருத்தரு கொட்டாயில இருக்காரு. வூட்டம்மா எங்க இருந்தாலும் வரவும். அவசரம் இல்ல, மெதுவா வந்தா போதும்னு அய்யா சொல்றாரு."

இப்படிப்பட்டவருக்கு அடுத்த போர்ஷனில் நான் குடியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகச் சில குடித்தனங்கள். வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது, மேலே திறந்தே இருக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

ரோட்டில் எனக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பஞ்சரும் ஒட்டுவேன். நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அந்தத் தொழிலுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் எங்கே ஓட்டை என்று அதுவே சொல்லிவிடும்.

என் மகன் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

பிறந்து ஒரு மாதம் ஒழுங்காக இருந்தான். பிறகு தினமும் விளக்கு வைத்து ஊர் அடங்கும் நேரத்தில் ஆரம்பிப்பான். முகம் சிவந்து, முஷ்டியை மூடி, காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு கத்துவான். வயிற்றைத் தொட்டால் காற்றடித்த டியூப் மாதிரி இருக்கும். கடைசிப் போர்ஷன் கண்டக்டர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"காத்து அடைச்சிருக்குது. நல்லா இருக்கு தம்பி உன் கதை! ஊரான் டியூபுக்கெல்லாம் காத்து அடிக்கிற, சொந்தப் புள்ள வயித்துக் காத்தை எடுக்கத் தெரியல."

அக்கா தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் குழைத்துத் தடவினார். வீடு ரசம் மாதிரி மணத்தது. பிள்ளை அழுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். நர்ஸம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டுங்க. காலைப் புடிச்சி சைக்கிள் ஓட்டுற மாதிரி மடக்கி மடக்கி விடுங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஓட்டினோம். என் கடை சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்து போன தூரத்தைவிட என் மகன் படுத்தபடியே அதிக தூரம் போயிருப்பான். மலையைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். காற்று இறங்கவில்லை.

என் மனைவி மலருக்கு அம்மா இல்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளையோடு அவள்தான் நடப்பாள். நான் மாற்றிக்கொண்டால், என் எலும்புத் தோள் குத்துகிறதோ என்னவோ, இன்னும் பெரிதாக அழுவான். கொஞ்சம் கண்ணயர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து "பால்காரரே... பால்காரரே" வந்துவிடும். பிள்ளை தூக்கிப்போட்டு எழுவான்.

"எல்லாம் அந்த ஆளாலதாங்க. அவர் கத்துற கத்துல புள்ள அதிர்ந்து அதிர்ந்து வயித்துல காத்து ஏறுது. போய்ச் சொல்லிட்டு வாங்க, கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லி" என்றாள் மலர்.

போனேன். மைக்செட்டு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா தம்பி, வா தம்பி. டீ சாப்புடு, டீ சாப்புடு" என்றார். சாப்பிட்டேன். "உன் புள்ள இன்னாமா கத்துறான்பா! அது தொண்டை! நம்ம தொழிலுக்கு வுட்டுடு" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் டீ. அதற்கு அடுத்த நாள் டீயோடு வடையும் கிடைத்தது.

"சொன்னீங்களா?" என்றாள் மலர்.

"வடை நல்லா இருந்துச்சு" என்றேன். அப்போது சொல்லக் கூடாத பதில் அது.

அன்று ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னால முடியலைங்க. நான் அப்பா வூட்டுக்குப் போறேன். அங்க அண்ணி இருக்காங்க, மாத்திப் புடிக்க நாலு கை இருக்கு. புள்ள ஓடியாடுற வரைக்கும் அங்கேயே இருக்கேன். பௌர்ணமி கூட்டம் போவட்டும், பஸ்ல இடம் கிடைக்கும்."

ஓடியாடுகிற வரைக்கும் என்றால் ஒரு வருஷம். அவன் குப்புற விழுவதை, தவழ்வதை, முதல் பல்லை நான் பார்க்கப்போவதில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. ஆனால் இங்கே இருந்தால் அவளுக்கு மாற்றிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? விழுங்கிவிட்டேன். மறுநாளே ஒரு பையில் பிள்ளைத் துணிகளை மடித்து வைத்து மூலையில் சாத்திவிட்டாள். நான் அந்த மூலையைப் பார்க்காமல் சோறு தின்னப் பழகிக்கொண்டேன்.

அதற்கு அடுத்து வந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் சத்தம் இல்லை. "பால்காரரே" இல்லை, "ஹலோ" இல்லை. பால்காரர் என்னிடம் வருத்தப்பட்டார்.

"மைக்செட்டுக்குத் தொண்டை போயிடுச்சு போல தம்பி. கையாலயே அரை லிட்டருன்னு காட்டுறாரு. தண்ணி கம்மியான்னும் கையாலயே காட்டுறாரு. மனசு கஷ்டமாயி தண்ணி ஊத்தாம குடுத்துட்டேன்."

போய் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். கூச்சம். போகவில்லை.

பௌர்ணமி வந்தது. சாயங்காலத்தில் இருந்தே சந்து முனையில் ஜனம் ஆறு மாதிரி போனது. பிள்ளை வழக்கமான நேரத்துக்கு ஆரம்பித்தான். "வூட்டுக்குள்ளயே அடைச்சி வெச்சா அழத்தான் செய்யும், காத்தாட கொஞ்சம் நடங்க" என்று கண்டக்டர் வீட்டு அக்கா எங்களைத் தள்ளிவிட்டார். பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். மலர் பக்கத்தில் நடந்தாள். கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம்.

கிரிவலம் வருகிறவர்களுக்குப் புண்ணியம் சேர்க்க ஒரு வழி அகப்பட்டது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குப்புறப் போடு. மல்லாக்கப் போடு. குல்லா போடு. குல்லாவைக் கழட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அப்போதுதான் தலைக்கு மேலே எல்லாக் குழாய்களும் ஒன்றாக முழங்கின.

"ஒரு அறிவிப்பு... ஒரு அறிவிப்பு. அழுவுற புள்ளையத் தூக்கிட்டுப் போற நீலச் சட்டை தம்பி, மைக் கொட்டாய்க்கு வரவும். சைக்கிள் கடைத் தம்பி, உன்னத்தான். மூஞ்ச மறைக்காத... மூஞ்ச மறைக்காத."

ரோட்டில் போன அத்தனை பேரும் திரும்பி என் சட்டையைப் பார்த்தார்கள். தொண்டை போகவில்லை என்று தெரிந்துகொண்டேன். பூமி பிளக்கவில்லை. கொட்டாய்க்குள் நுழைவதைத் தவிர ஒளிய வேறு இடமும் இல்லை.

"குடு இப்படி" என்று கையை நீட்டினார் மைக்செட்டு.

அவர் கைக்குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. ஒலிபெருக்கிக் குழாயை ஏணியில் ஏற்றும்போது எப்படி மார்போடு அணைத்துப் பிடிப்பாரோ, அப்படி வாங்கினார். நாற்காலியில் சாய்ந்து, பிள்ளையைத் தன் வயிற்றின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டார். பானை மேல் போட்ட துணி மாதிரி பிள்ளை அந்த வயிற்றின் வடிவத்துக்குப் பொருந்திவிட்டான். ஒரு உள்ளங்கை அவன் முதுகை முழுதாக மூடியது. அப்புறம் மைக்செட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயந்துவிட்டார் போல. தெரிந்த ஒன்றைச் செய்தார். முதுகில் ஒரு விரலால் 'டக் டக்' என்று தட்டினார்.

"ஹலோ..." என்றார். அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. தொண்டையில் இருந்து வரவில்லை, அடிவயிற்றில் இருந்து வந்தது. "ஹலோ... நைனா... இன்னாடா கோவம்... ஒன்... டூ... த்ரீ... இன்னா வலிக்குது... ஹலோ..."

மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

அந்த முனகல் குழாய் குழாயாக ரோடு முழுக்கப் போனது. நடந்தவர்கள் நின்றார்கள். பிள்ளையின் அழுகை விக்கலாகி, முனகலாகி, நின்றது. அவர் பேசப் பேச வயிறு அதிர்ந்தது. வயிற்றோடு பிள்ளையும் லேசாக அதிர்ந்தான்.

அப்போது வந்தது. முதலில் மேல் வழியாக ஒன்று, பெரிய மனுஷன் விருந்து சாப்பிட்ட மாதிரி. உடனே கீழ் வழியாக ஒன்று. இரண்டும் எல்லாக் குழாய்களிலும் துல்லியமாகக் கேட்டன.

ரோட்டில் யாரோ ஒரு தாத்தா குரல் கொடுத்தார், "அண்ணாமலையாருக்கு..."

"அரோகரா!" என்றது கூட்டம்.

மலர் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மைக்செட்டு இப்போதுதான் மைக்கை அணைத்தார். தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்தபடியே, மெதுவாகப் பேசினார்.

"சுவத்துக்கு மேல தொறந்து கிடக்குதும்மா. நான் பேசுறது உங்களுக்குக் கேக்குற மாதிரி, நீங்க பேசுறதும் எனக்குக் கேக்கும். ஒரு வாரமா பல்லைக் கடிச்சிட்டு வாய மூடிட்டு இருந்தேன். அப்பவும் அழுவுறான். அப்போ என்னால இல்லன்னு தெரிஞ்சிச்சி. ஊருக்குப் போவாதம்மா. நாலு கைதான வோணும்? இதோ ரெண்டு இருக்குது."

நான் தொண்டை வரை கொண்டுவந்து விழுங்கியதை அவர் சொல்லிவிட்டார். மறுநாள் நான் எழுந்தபோது, அந்தப் பையில் இருந்த துணிகள் எல்லாம் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாக, "பால்காரரே... பால்காரரே" என்று கேட்டது. "தண்ணி கம்மியா" என்பதும் அன்றிலிருந்து மறுபடி அவசியமாகிவிட்டது.

அதன் பிறகு தினமும் பிள்ளை அழ ஆரம்பித்ததும் சுவரில் 'டக் டக்' கேட்கும். தூக்கிப்போய்க் கொடுப்பேன். எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சில நாள் ஏப்பத்துக்குப் பதிலாக அவர் மடியில் வேறொன்று கிடைத்தது. "பரவால்ல... பரவால்ல" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் மலர் தூங்கினாள். அதுதான் பெரிய விஷயம்.

நர்ஸம்மா சொன்ன மாதிரியே பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அழுகை தானாக நின்றது. ராத்திரி எல்லாம் தூங்க ஆரம்பித்தான். நாங்களும் தூங்கினோம். தூங்காதவர் ஒருவர்தான். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே வந்தேன். மைக்செட்டு வாசலில் நாற்காலி போட்டு, வயிற்றின் மேல் ஒரு துவைத்த துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, இன்னிக்கும் அழுவலையா?" என்றார். ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது மகன் என் கடைக்கு எதிரில் உயர சைக்கிளில் குரங்குப் பெடல் போடுகிறான். மைக்செட்டு ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் சொந்தமாக வீடு கட்டிப் போய்விட்டார். கூரை வரைக்கும் சுவர் எழுப்பிய வீடு. "அந்தாண்ட யாரு இருக்கான்னே தெரியலப்பா" என்று குறைப்பட்டுக்கொள்கிறார். பௌர்ணமிக்கு மட்டும் கொட்டாய்க்கு வந்துவிடுவார். சாயங்காலம் குழாய்களைக் கட்டி முடித்துவிட்டு, "ஹலோ... ஹலோ... ஒன்... டூ... த்ரீ..." என்று தொடங்குவார். நான் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனிப்பேன், என் கை தோளில் கிடக்கிற டியூபை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்.