துண்டுத் தரகரும் வெள்ளை மருந்தும்

ஒரு மனிதரை அவருக்கு வந்த நோயைவிட அதிகமாக வதைத்தவன் நான். அதுவும் ஒரே ஒரு கேள்வியால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதற்குள் நீங்கள் சிரித்து முடித்திருப்பீர்கள். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது போல ஆகிவிடும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஓசூரிலிருந்து அஞ்செட்டிக் காடு வரை துண்டுத் தரகர் என்று சொன்னால்தான் தெரியும். கடவுள் மாட்டைப் படைத்ததே இவர் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்வதற்காகத்தான் என்று அந்த வட்டாரம் நம்பியது. கடவுளும் கொஞ்சம் பயத்தோடுதான் படைத்திருப்பார்.

சந்தையில் மாட்டுப் பேரம் வாயால் நடக்காது. விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் ஒரு துண்டால் மூடி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை. சுற்றி நூறு பேர் நின்று எட்டிப் பார்த்தாலும் அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே கணக்குத் தெரியும். அந்த வித்தையில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. துண்டுக்கு மேலே மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டே துண்டுக்கு அடியில் ஒரு ஜோடி ஆலம்பாடிக் காளையை முடித்துவிடுவார்.

அவருடைய கோளாறு, மனிதர்களையும் அதே கண்ணால் பார்த்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை இரண்டு முறை சுற்றி வந்து, "சுழி சுத்தம். பின்னங்கால்தான் கொஞ்சம் வாங்குது" என்று சொல்லிவிட்டார். பாவம், நன்றாக நடந்துகொண்டிருந்த அந்தப் பையன் மணவறைக்கு நொண்டிக்கொண்டே போனான். புதிதாக வந்த அதிகாரி ஒருவரைப் பார்த்து, "நாலு பல்லுன்னு சொல்லி அனுப்பியிருக்கறாங்க. இது ஆறு பல்லு" என்றார். மாட்டுக்குப் பல்லை எண்ணித்தான் வயது சொல்வார்கள். விசாரித்தால், அந்த அதிகாரி வயதைக் குறைத்து எழுதியவராம்.

சாணத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். "சாணியப் பாக்காம மாடு வாங்கறவன், பொண்ணப் பாக்காம தாலி கட்டறவன்" என்பார். நிறம், இறுக்கம், வாசனை எல்லாவற்றுக்கும் அவரிடம் தனித்தனிச் சொல் இருந்தது. ஆனால் தன் வயிற்றைப் பற்றி ஒரு சொல் வராது. அந்த விஷயத்தில் அவர் புதுப்பெண்.

ஐம்பதுகளில் நான் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயது இருபத்திரண்டு. இன்டர்மீடியட் தேறியவன் என்பதை வெள்ளைக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து வாங்க வருகிறவர்கள் பாட்டிலைத் தாங்களே கொண்டுவர வேண்டும். நான் மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டி, ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. எங்கள் ஊரில் வரிசையில் பத்துப் பேர் நின்றால் மூன்று பாஷை நிற்கும்.

தரகருக்கு இடுப்பு எலும்பில் கட்டி. பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டர் அவருக்கு இரண்டு மருந்து எழுதினார். பழுப்புப் பாட்டிலில் அபின் கலந்த மருந்து. வெள்ளைப் பாட்டிலில் பேதி உப்புக் கரைத்த மருந்து.

"அபின் வலியைக் கட்டும். கூடவே குடலையும் கட்டிவிடும். பழுப்பைக் குடிக்கிற ஆள் வெள்ளையையும் குடித்தே ஆக வேண்டும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "வாரா வாரம் எத்தனை நாளைக்கு ஒரு தரம் போகிறது என்று கேள். அதற்குத் தகுந்தபடி வெள்ளையைக் கூட்டு, குறை."

இரண்டாவது வாரம் தரகர் ஜன்னலில் நின்றபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். வரிசையின் பக்கம் திரும்பி, "ரெண்டு பல்லு. இன்னும் பால் வாசன போகல. உழவுக்கு ஆகாது, வண்டிக்கு வேணா கட்டலாம்" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் என் பெயர் ரெண்டு பல்லு.

அடுத்த வாரம் நல்ல கூட்டம். தரகர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து இரண்டு பாட்டிலையும் வைத்தார். நான் கேட்டேன்.

"தரகரே, வெளிக்குப் போச்சா?"

அவர் ஜன்னல் கம்பியில் நெற்றி படக் குனிந்தார். "மெல்லக் கேளுங்க, சாமி."

எனக்குக் காதில் விழுந்தது. விழாதது போல நின்றேன். பிறகு அதே கேள்வியை இன்னும் உரக்கத் தெலுங்கில் கேட்டேன். அதைவிட உரக்கக் கன்னடத்தில் கேட்டேன். மூன்று பாஷையும் என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதர் அவர். அது எனக்கும் தெரியும்.

வரிசையில் நின்ற ஒரு கன்னடக்கார அம்மாள் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, "ஆய்த்து சாமி, பெளகேனே ஆய்த்து" என்று, தனக்குக் காலையிலேயே ஆகிவிட்டதைத் தெரிவித்தாள். அவ்வளவுதான், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "துண்டப் போட்டுச் சொல்லுங்க தரகரே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். தரகரும் சிரிக்கப் பார்த்தார். அவர் முகத்துக்கு அது வரவில்லை. பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை காபி கிளப்பில் அந்தக் காட்சியை நான் மூன்று முறை நடித்துக் காட்டினேன். அந்த வாரச் சந்தையில், துண்டுக்கு அடியில் கையை நீட்டிய ஒரு வியாபாரி, விலை கேட்பதற்குப் பதில் என் கேள்வியைக் கேட்டானாம். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். இதையும் யாரோ எனக்கு வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் அவர் சம்சாரம் பின்வாசல் வழியாக வந்தார்கள். முந்தானைக்குள்ளிருந்து பழுப்புப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். நான் ஒட்டிய காகிதப் பட்டையில் மேலே இரண்டு வெட்டு அளவுதான் குறைந்திருந்தது.

"வேற யாருக்காச்சும் குடுங்க சாமி. வெல ஒசந்த மருந்து, வீணாப் போவக் கூடாதுன்னாரு."

"ஏன், வலி விட்டுடுச்சா?"

"எங்க விட்டுது? பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கறாரு. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு, தான் வித்த மாட்டுப் பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்றாரு. எங்க ஊருல இப்ப எல்லாருக்கும் அந்தப் பேரு மனப்பாடம்."

"அப்ப இதைக் குடிக்கறதுதானே?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தார்கள். "இதக் குடிச்சா வயிறு கட்டிக்கிடுது. கட்டுனா வெள்ள மருந்து வேணும். வெள்ள மருந்துக்கு அந்த சன்னல்ல வந்து நிக்கணும். அதுக்கு வலியே மேலுன்னுட்டாருங்க."

கையில் வைத்திருந்த அவுன்ஸ் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? சைக்கிள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

சூளகிரி போகிற சாலையில் எட்டு மைல், பிறகு வண்டிப்பாதை. பையில் இரண்டு பாட்டிலும் எனிமாக் குவளையும் இருந்தன. தரகர் மாட்டுக் கொட்டாயில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வீட்டுக்குள் காற்று வராது என்று அங்கேயே இருந்துவிட்டாராம். அவர் பக்கத்தில் ஒரு காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் மனிதர் பாதியாகியிருந்தார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் தரகரே. மன்னிச்சுக்குங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "தமிழ்ல மட்டுந்தானா?"

தெலுங்கில் சொன்னேன். கன்னடத்தில் சொல்லப் போனபோது மன்னிப்புக்கு வார்த்தை தெரியாமல் திணறினேன். அவரே எடுத்துக் கொடுத்தார். நான் குரலை உயர்த்திச் சொல்லத் தொடங்கினேன்.

"மெல்ல, மெல்ல" என்றார். "வெளிய ஆளுங்க இருக்கறாங்க. ரெண்டு பல்லு வெக்கப்படும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்க்காதது போல அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமீதும் போட்டார். என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். மறுபடி ஒரு விரலைப் பிடித்தார். ஆறு நாள். பழுப்பை நிறுத்தியும், படுத்தே கிடந்ததில் வயிறு கட்டிப்போயிருந்தது.

வெள்ளை மருந்து இரண்டு அவுன்ஸ் என்று நான் அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டி ஒரு விரலை உருவிக்கொண்டார். நான் மறுபடி பிடித்தேன். அவர் பாதி விரலை விட்டார். ஒன்றரை அவுன்ஸில் பேரம் முடிந்தது. கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்தின் அளவுக்குப் பேரம் பேசியது எனக்கு அதுவே முதல் தடவை.

ஆனால் ஆறு நாள் கட்டியதற்கு முதலில் எனிமா கொடுத்தாக வேண்டும். அதைக் காதோடு சொன்னேன். சம்மதித்தார். சம்சாரத்தைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். கொட்டாய்ப் படலைச் சாத்தச் சொன்னார். நான் குவளையை எடுத்ததும், "கொஞ்சம் இருங்க" என்றார்.

"என்ன?"

"அந்தக் காளைய வெளிய கட்டிட்டு வாங்க. அது பாக்குது."

கட்டிவிட்டு வந்தேன். வேலை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று மத்தியானம் பழுப்பு மருந்து ஒரு வேளை குடித்துவிட்டு அவர் தூங்கினார். அவர் தூங்கிப் பதினைந்து நாள் ஆயிற்று என்று அந்த அம்மாள் சொன்னார்கள்.

பிறகு எல்லா ஞாயிறும் போனேன். அளவு பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. ஒரு வாரம் வெள்ளை அதிகமாகி, மனிதர் வேலியோரமே குடியிருக்க வேண்டியதாயிற்று. மறுவாரம் குறைத்தேன், கல்லாகிவிட்டது. கசப்பு தாங்காமல் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள்வார். "செவல ஒரு பக்கம் இழுக்குது, வெள்ள ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல நான் நுகத்தடி. ஜோடி பாத்துக் கட்டத் தெரியாதவன் எல்லாம் கம்பவுண்டரு" என்று திட்டுவார். ஐந்தாவது ஞாயிறு துண்டுக்கு அடியில் ஒரே ஒரு விரலைப் பிடித்துவிட்டு, துண்டுக்கு மேலே பெரிதாகச் சிரித்தார். "ஜோடி சேந்துருச்சு, சாமி."

அந்த மாதம் ஒரு நாள் வண்டியில் படுத்தபடி சந்தைக்குப் போய், புளியமரத்தடியில் ஒரு பேரம் முடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, அப்படிப்பட்ட கேள்விகளைக் காதோடு கேட்கப் பழகியிருந்தேன். மருந்து வாங்க நேரமாகிறது என்று வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று விட்டேன்.

தரகர் தை மாதம் வரை இருந்தார். கடைசியில் சாப்பாடு நின்றுபோனபோது, "வெள்ளைய அவுத்து விட்டுடுங்க சாமி, அதுக்கு இனி வேல இல்ல" என்றார். ஒரு புதன்கிழமை தூக்கத்திலேயே போனார். வலி என்று ஒரு சத்தம்கூட வரவில்லையாம். வியாழக்கிழமை அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். சந்தையே வந்திருந்தது. என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிறு காலை எழுந்தேன், சைக்கிளுக்குக் காற்றடித்தேன், சூளகிரி சாலையில் மிதித்தேன். பாதி வழி தாண்டிய பிறகுதான் அவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஒரு காலை ஊன்றிச் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பாமல் மீதி வழியையும் போனேன். அந்த அம்மாள் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.