விருச்சிக ராசிக் கம்ப்யூட்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மாதம் இரண்டு இடங்களில் கூட்டம் அலைமோதியது. ஒன்று கொத்துரொட்டிக் கடை. அதற்கு ஒரு நியாயம் உண்டு. மற்றது, சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கூலிங் சாத்திரியாரின் கம்ப்யூட்டர்க் கடை.

மாடிப்படி முழுக்க இளைஞர்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி. சிலர் படுக்கைவிரிப்பில் சுற்றி, சிலர் துவாய் போர்த்தி, தடுப்பூசிக்குக் கொண்டுவந்த குழந்தையைப் போல் அணைத்திருந்தார்கள்.

சாத்திரியார் விஞ்ஞானத்துக்கு எதிரானவர் அல்லர். விஞ்ஞானத்துக்குச் சாதகம் பார்ப்பவர், அவ்வளவுதான். கேம் விளையாடுகிறவர்கள் மண்டையைப் போட்டு உடைக்கும் கேள்வி ஒன்று உண்டு: சூடாகும் கம்ப்யூட்டருக்குக் காற்றுக் கூலரா, தண்ணீர்க் கூலரா? விசிறி பூட்டிச் சமாளிப்பதா, குழாயில் தண்ணீர் ஓடவிடுவதா? இதற்காக வீடியோ பார்த்து, விலை பார்த்து, பெட்டிக்குள் இடம் போதுமா என்று அளந்து பார்ப்பதெல்லாம் வீண்வேலை. சாத்திரியார் ஒரே கேள்விதான் கேட்பார்: மெஷின் எப்போது பிறந்தது?

முதன்முதல் கரண்ட் கொடுத்த நேரமே பிறந்த நேரம். மிதுனம், துலாம், கும்பம் என்றால் வாயு ராசி. கடகம், விருச்சிகம், மீனம் என்றால் நீர் ராசி. மற்ற ஆறுக்கும் கிரகப் பார்வை பார்த்து முடிவு. கத்தோலிக்கர் வந்தால் புனிதரின் திருநாள் பார்ப்பார். அப்போஸ்தலர்களில் பலர் மீன் பிடித்தவர்கள் என்பதால் அங்கும் தண்ணீரே வந்தது. கடையில் தண்ணீர்க் கூலர்கள் கூரைமுட்ட அடுக்கியிருந்தன. காற்றுக் கூலர் மருந்துக்கும் இல்லை. கிரகங்கள் கடையின் ஸ்டாக்கைப் பார்த்துத்தான் நகர்கின்றன என்று ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை டிலானும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்க அவனுக்கு நேரமில்லை. சனிக்கிழமை அவன் அணிக்குக் கேம் இறுதிப் போட்டி. அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே மண்டபத்துக்குத் தூக்கி வரவேண்டும். அரையிறுதியில் எதிரியின் கோட்டை வாசலில் நிற்கும்போது டிலானின் மெஷின் சூடேறிச் செத்துப்போனது. திரை கறுத்தது. மற்றவர்கள் எப்படியோ இழுத்துப் பிடித்து வென்றார்கள்.

"மெஷின் இன்னொருக்கா நிண்டா உனக்குப் பதிலா ஆகில்தான் விளையாடுவான் மச்சான்," என்று அணித்தலைவன் பிரசாந் சொல்லிவிட்டான். ஆகிலுக்கு விளையாடத் தெரியாது. ஆனால் அவன் மெஷின் நிற்பதில்லை.

பிரசாந் சாத்திரியாரின் பரம பக்தன். போன வருடமே அவரிடமிருந்து ஒரு பரிகாரம் கேட்டுவந்து டிலானுக்கும் சொல்லியிருந்தான்: வெள்ளிக்கிழமைதோறும் மெஷினுக்குச் சாம்பிராணி காட்ட வேண்டும், விசிறி இழுக்கும் பக்கமாக. டிலானின் தாய் கொன்ஸ்ரன்ஸுக்கு இது மெத்தப் பிடித்துப்போயிற்று. மாதா கோயிலுக்கு வராத மகனின் அறைக்குள் கோயிலைக் கொண்டுபோக அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. வாரம் தவறாமல் மெஷின் மூச்சு முட்டப் புகை குடித்தது.

வெள்ளிக்கிழமை காலை பிரசாந் டிலானைக் கூட்டிக்கொண்டு மாடியேறினான். கூடவே அணியின் மூன்றாவது ஆள், கிராண்ட்பாஸிலிருந்து வரும் ஷபீகா. தோளில் ஒரு நீளமான துணிப்பை.

"பையில என்னடி?" என்றான் பிரசாந்.

"எண்ட பரிகாரம்," என்றாள் அவள்.

சாத்திரியார் வெள்ளை வேட்டியில், பட்டை பட்டையாகத் திருநீற்றுடன், சுழல் நாற்காலியில் இருந்தார். டிலானின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"எப்ப பிறந்தது தம்பி?"

"பெரிய வெள்ளிக்கு முதல்நாள் வாங்கினது. நேரம் ஞாபகமில்லை."

"அது போகட்டும். கடைசியா எப்ப கரண்ட் போய் வந்தது?"

"திங்கக்கிழமை. பின்னேரம்போல."

"கரண்ட் போனா மரணம். வந்தா மறுபிறப்பு. அப்ப விருச்சிகம். உங்கட பக்கத்தாலை பார்த்தாலும் பேதுருவானவர். ரெண்டு பக்கமும் தண்ணி." சாத்திரியார் கண்ணைத் திறந்தார். "உமக்கு இதைவிடத் தெளிவா ஆர் சொல்லப்போயினம்?"

மின்சார சபை ஒவ்வொரு முறை கரண்டை வெட்டும்போதும் கொழும்பு முழுக்க ஆயிரக்கணக்கான சாதகங்கள் மாறுகின்றன என்பது டிலானுக்கு அன்றுதான் தெரிந்தது. அவனுக்குப் புல்லரித்தது.

"இப்ப உள்ளை கொண்டுபோய்ச் சுத்திகரிச்சு, தண்ணிக் கூலரைப் பூட்டித் தாறன்," என்று சாத்திரியார் எழுந்தார். கடையின் பின்பக்கம் ஒரு சிவப்புத் திரை. ஒவ்வொரு மெஷினும் அதற்குள் போகும். கொஞ்ச நேரம் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். நாகமந்திரம் என்று படியில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வெளியே வரும்போது மெஷின் குளிர்ந்திருக்கும்.

"அங்கிள், ஒரு சின்னக் கேள்வி," என்றாள் ஷபீகா.

சாத்திரியாருக்கு அங்கிள் என்ற சொல் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்தார்.

"இப்ப ஈக்கிற பழைய காத்துக் கூலரோடயே விட்டா என்ன நடக்கும்?"

"நீர் ராசிக்குக் காத்து விஷம் பிள்ளை. தொண்ணூறு பாகைக்குக் கீழை இறங்காது. விளையாட்டைப் போட்டா அரை மணித்தியாலத்திலை மெஷின் முடிஞ்சுது."

"கட்டாயமா?"

"பிரம்மா வந்தாலும் இறக்கேலாது." இதைப் படியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பெரிய தவறு.

"அப்ப இங்கயே பாப்பமே. நான் ராசியையும் மாத்த இல்ல, கூலரையும் மாத்த இல்ல." பைக்குள்ளிருந்து அவள் எடுத்தது ஒரு சைக்கிள் பம்ப். "வாப்பாட."

சாத்திரியார் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பிரசாந் தலையில் கைவைத்தான். டிலான் மட்டும் சிரிக்கவில்லை. மெஷின் அவனுடையது. நாளைக்குப் போட்டி. சாத்திரியார் சொல்வது உண்மையானால் அரை மணித்தியாலத்தில் பிணம். ஆகில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"உனக்கு விசராடி?" என்று ஷபீகாவிடம் கிசுகிசுத்தான்.

"ஒரு வருஷமா புகை காட்டினியே, ஒருக்காச் சரி தொறந்து பாத்தியா?"

டிலான் யோசித்தான். சாமி படத்தையே பின்பக்கம் திருப்பித் தூசு தட்டுகிற வீடு அது. மெஷினைத் திறக்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. பயபக்தி.

"திற," என்றான்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் சாம்பிராணி மணம் குப்பென்று அடித்தது. விசிறிக்குப் பின்னால் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் இருக்க வேண்டும். இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றின்மேல் தூசும் புகைப்பிசினும் சேர்ந்து, பழைய கம்பளித் தொப்பிபோல ஒரு படை. ஷபீகா விரலால் ஒரு துண்டைப் பிய்த்தெடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"விருச்சிகம்," என்றாள்.

பிறகு விசிறியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்பை இறுக்கி அடித்தாள். உஸ். உஸ். உஸ்ஸ்ஸ். படியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மிகவும் பழக்கமான மந்திரம். கரும்புழுதி எழுந்து, மிதந்து, சாத்திரியாரின் வெள்ளை வேட்டியில் பக்தியோடு படிந்தது.

மெஷினைக் கடையின் மொனிட்டரோடு இணைத்து விளையாட்டை ஓடவிட்டார்கள். மூலையில் சூட்டின் எண் தெரிந்தது. முன்பெல்லாம் ஏறிய வேகத்திலேயே தொண்ணூற்றைத் தாண்டும். இப்போது ஐம்பதைத் தாண்டியது. அறுபதைத் தொட்டது. அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. அரை மணித்தியாலம் முடிந்தது. மெஷின் முடியவில்லை.

வரிசையில் நின்ற ஜெகதீஸ்வரி அன்ரி, மகனின் மெஷினைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தார். "சாத்திரியார், நான் மூண்டாம் தரம் வாறன். ஒவ்வொருக்காவும் நாலஞ்சு மாசத்திலை திரும்பச் சுடுது. நீங்கள்தானே வெள்ளிக்குவெள்ளி சாம்பிராணி காட்டச் சொன்னனீங்கள்?"

கொழும்பில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டது பரீட்சை மண்டபத்துக்கு வெளியே அதுதான் முதல்தடவை. புகை காட்டினால் அடைக்கும். அடைத்தால் சுடும். சுட்டால் சாத்திரியார். சாத்திரியார் மறுபடி புகை காட்டச் சொல்வார்.

யாரோ சிவப்புத் திரையை இழுத்தார்கள். உள்ளே நாகம் இல்லை. தூசு ஊதும் மின்சார ஊதுகுழல் ஒன்று தொங்கியது. கீழே சாக்குநிறையத் தூசு. பக்கத்தில் சாத்திரியாரின் சொந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது: பளிச்சென்று துடைத்த உடம்பு, சாம்பிராணி வாசமே இல்லை, தலையில் அருமையான காற்றுக் கூலர்.

எல்லோரும் சாத்திரியாரைப் பார்த்தார்கள்.

"அது வாயு ராசி," என்றார் சாத்திரியார்.

அதற்குப் பிறகு அவர் படியால் இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், அவரும் வாயு ராசிதான் என்கிறார்கள்.

ஷபீகா பம்பைப் பையில் போட்டாள். ஜெகதீஸ்வரி அன்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், அந்தப் பம்பாலை என்ரை மெஷினையும் ஒருக்காத் தொட்டு விடும். உம்மடை கைராசி." பின்னால் பார்த்தால் வரிசை அப்படியே திரும்பி அவள் பக்கம் நின்றது. ஒருவர் பம்புக்குப் பூ வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

"அன்ரி, இதுக்குள்ள காத்து மட்டும்தான் ஈக்கி," என்றாள் ஷபீகா. "தண்ணிக் கூலரும் நல்ல சாமான்தான். பெரிய மெஷினுக்குத் தேவைப்பட்டா வாங்குங்க. ஆனா தேவையா இல்லையாண்டு மெஷினைத் தொறந்து பாத்து முடிவெடுங்க. வானத்தப் பாத்து முடிவெடுக்காதீங்க." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பூ வந்தபோது ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறுதிப் போட்டி. சனிக்கிழமை ஒன்பது மணி என்றால் ராகுகாலம். பிரசாந் படையை ஓர் அடி அசைய விடவில்லை. "பத்தரை வரைக்கும் பொறு மச்சான்," என்றான். எதிரணிக்கு அப்படி ஒரு பொறுமையும் இல்லை. கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

டிலான் திரையின் மூலையைப் பார்த்தான். அறுபது. மெஷின் நிற்காது. இப்போது அசையாமல் நிற்பது அவன் மட்டும்தான்.

"பொறுக்கேலாது," என்றான். அணித்தலைவனின் கட்டளையை மீறி ராகுகாலத்துக்குள் தனியே பாய்ந்தான். பின்னால் ஷபீகா பாய்ந்தாள். பத்து மணிக்குள் கிண்ணம் கையில் இருந்தது.

பிரசாந் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "நீ கிழக்குப் பக்கம் பார்த்து இருந்தனி மச்சான். அதாலைதான் வெண்டது."

மெஷினைத் திறக்க நாலு திருகாணி கழற்ற வேண்டும். தலையைத் திறக்க அதுவும் தேவையில்லை, நல்லநேரமும் தேவையில்லை. அப்படியிருந்தும், இவ்வளவு காலமும் திறந்து பார்க்காமல் புகையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.