மூணு கோடியே முப்பத்தஞ்சு லட்சத்துச் சொச்சம்

"நான் பூ வாங்கிண்டு வர்ற வரைக்கும் வாசப்படி தாண்டாதீங்கோ. திரட்டுப்பாலைக் கிளறிண்டே இருங்கோ" என்று அனந்தலக்ஷ்மி சொல்லிவிட்டுப் போய்க் காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சேஷகிரி வாசப்படிக்கு வெளியே நின்றிருந்தார். சாயங்காலம் பெண் அதிதிக்கு நிச்சயதார்த்தம். பால் அடுப்பில்.

எதிர்வீட்டு ஸ்ரீஹர்ஷா லிஃப்டுக்கு நிற்பதைப் பார்த்தால் ரிடையர்டு கணக்கு புரொபசருக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்காத்துக் கதவுப் பூட்டு நம்பர் 33550336 இருக்கே, அதை மிச்சமில்லாம வகுக்கிற சின்ன எண்ணையெல்லாம் கூட்டினா அதுவே வரும்னு சொன்னேனோல்லியோ?"

"மூணு தடவை சொன்னீங்க சார்."

"அதோட இலக்கத்தைக் கூட்டினா இருபத்தெட்டு. அதுவும் அதே ஜாதி! ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, பதினாலு... கூட்டிப் பாருங்கோ, இருபத்தெட்டு!"

"ஹௌதா, அப்படியா சார்?" என்று கன்னடம் கலந்து சொன்னபடி ஸ்ரீஹர்ஷா லிஃப்ட் பட்டனை இன்னும் பலமாக அழுத்தினார்.

பின்னால் கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்டது.

அதனால் என்ன? பூட்டில் 33550336 அடித்தார். சிவப்பு விளக்கு. மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு.

"நம்பர் தப்பு போல சார்."

"நம்பராவது, தப்பாவது! நாலாயிரத்துத் தொண்ணூத்தாறை எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொண்ணால பெருக்கிப் பாருங்கோ."

ஸ்ரீஹர்ஷா போனில் பெருக்கினார். அதே 33550336. கணக்கு சரி. சேஷகிரி ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சொல்லி அடித்தார். பூட்டு 'கீ கீ' என்று அலறிவிட்டு மொத்தமாக அணைந்துபோனது. ஆயுசு முழுக்க ஈவு கண்டுபிடித்த மனுஷருக்கு ஈவு இரக்கமில்லாத பூட்டு வாய்த்திருந்தது.

கதவிடுக்கில் பால் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. சம்பந்திகளுக்கு என்ன கொடுப்பது? அதைவிட, அனந்தலக்ஷ்மிக்கு என்ன பதில் சொல்வது?

"மேடத்துக்கே போன் போடலாம் சார். நம்பர் சொல்லுங்க."

சேஷகிரி திருதிருவென்று விழித்தார். "ஒன்பதுல ஆரம்பிக்கும்..."

"மேடம் நம்பர் தெரியாதா சார்?"

"அதுல ஒரு விசேஷமும் இல்லையே!"

பூட்டுக்கு மறுபடி உயிர் வந்த சமயம் லிஃப்டும் திறந்தது. இரண்டு கையிலும் மருதாணியோடு அதிதி வந்தாள்.

"என்னப்பா தீயற வாசனை?"

"பூட்டு கெட்டுப்போச்சும்மா. நம்பர் சரி, பூட்டுதான் தப்பு!"

அதிதி பெருமூச்சு விட்டாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோப்பா. ஓரக்கண்ணால பாக்கப்படாது."

சேஷகிரி சுவரைப் பார்த்து நின்றார். மருதாணி கலையாமல் விரல் முட்டியால் எட்டுத் தட்டு தட்டினாள். கதவு திறந்தது.

"எப்படிம்மா?"

"அம்மா நேத்திக்கே நம்பரை மாத்திட்டாப்பா, உங்களுக்குச் சொன்னா அதுக்கும் ஒரு பெருமை கண்டுபிடிச்சு, பழசு மாதிரியே அபார்ட்மெண்ட் பூரா சொல்லிடுவேள்னுதான், வாசப்படி தாண்டாதீங்கோன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா!"